தலைக்கு மேல் ஓர் அடுப்பு!

வெயில் வீட்டுக்குள் வருவது வாசல் வழியாக அல்ல, கூரை வழியாக! அதைத் தடுப்பது எப்படி?

குஜராத் மாநிலத்தில் உள்ள பெரிய நகரம் அகமதாபாத். 2010-ம் ஆண்டு மே மாதம் அங்கே வெயில் கொளுத்தியது. மே 21-ந் தேதி உஷ்ணம் 46.8 டிகிரி செல்சியசைத் தொட்டது.

ஜனங்கள் சுருண்டு விழுந்தார்கள். வழக்கமாக மே மாதத்தில் இறப்பவர்களைவிட 1,344 பேர் அந்த ஒரு மாதத்தில் அதிகமாக இறந்தார்கள்.

அப்போது அந்த ஊரில் உள்ள ஒரு பொது ஆஸ்பத்திரியில் டாக்டர்களைக் கவலை பிடித்துக்கொண்டது. பச்சைக் குழந்தைகளின் உடம்பு அனலாகக் கொதித்தது. பல குழந்தைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியிருந்தது.

இந்தக் குழந்தைகள் தெருவில் நடந்தவை அல்ல. வயலில் வேலை செய்தவை அல்ல. தாயின் பக்கத்தில், கட்டிலில் படுத்திருந்தவை! நிழலில் இருந்த குழந்தையை வெயில் எப்படித் தாக்கியது?

மேல் மாடியில் பிரசவ வார்டு

காரணம், தலைக்கு மேலே இருந்தது. அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. அங்கே குளிர்சாதன வசதி கிடையாது. வார்டுக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கூரை மட்டும்தான். பகல் முழுவதும் காய்ந்த கூரை, உள்ளே இருந்தவர்கள் மீது சூட்டைக் கொட்டியது.

அந்த ஆண்டு ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில், சூடு தாக்கித் தீவிர சிகிச்சைக்கு வந்த பச்சைக் குழந்தைகள் 24. அதற்கு முந்திய ஆண்டு 8 குழந்தைகள்தான்.

பிறகு பிரசவ வார்டைக் கீழ் மாடிக்கு மாற்றினார்கள். மறு ஆண்டு வந்தவை 4 குழந்தைகள் மட்டுமே!

‘‘மறு ஆண்டு வெயில் குறைந்திருக்கலாமே?’’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆய்வாளர்கள் அதையும் யோசித்தார்கள். வெயிலின் ஏற்ற இறக்கத்தைத் தனியாகக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தார்கள். அப்படியும், வார்டைக் கீழே மாற்றியதால் மட்டும் நோய் 64 சதவீதம் குறைந்திருந்தது.

அதே ஆஸ்பத்திரி, அதே ஊர். கூரைக்கு அடியிலிருந்து விலகியதுதான் வித்தியாசம்.

அமெரிக்காவிலும் இதே பாடம் கிடைத்தது. 1995-ம் ஆண்டு ஜூலை மாதம் சிகாகோ நகரை வெப்ப அலை தாக்கியது. எழுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். யார் யார் இறந்தார்கள் என்று ஆராய்ந்தபோது ஓர் உண்மை தெரிந்தது. தனியாக வாழ்ந்தவர்களுக்கும், கட்டடத்தின் உச்சி மாடியில் குடியிருந்தவர்களுக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது.

இரவில் ஏன் தூக்கம் வருவதில்லை?

தமிழ்நாட்டுக்கும் கத்திரி வெயில் புதிதல்ல. சென்னையில் 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி 45 டிகிரி பதிவானது. கடற்கரை ஊருக்கே அந்தக் கதி என்றால், வேலூருக்கும் திருச்சிக்கும் கரூருக்கும் கேட்கவே வேண்டாம்.

மொட்டை மாடிக்குக் கீழே படுத்துறங்கும் எல்லோருக்கும் ஓர் அனுபவம் உண்டு. சாயந்திரம் சூரியன் இறங்கிவிடும். தெருவில் காற்று வீசும். ஆனால் அறைக்குள் நுழைந்தால் அனல்! மின்விசிறியைப் போட்டால் சூடான காற்றை அள்ளித் தலையில் போடும். நடுநிசிவரை புரண்டு படுக்க வேண்டும்.

ஏன் இப்படி?

கான்கிரீட் தளம் ஒரு தோசைக்கல்லைப் போன்றது. மெதுவாகச் சூடேறும். ஏறிய சூடு மெதுவாகத்தான் இறங்கும். நிறம் கறுத்துப்போன தளம் கோடை நண்பகலில் 60 டிகிரியைக்கூடத் தாண்டும். மேலே ஏறிய சூடு, 4 அல்லது 5 அங்குலக் கான்கிரீட்டைக் கடந்து கீழே வர சில மணி நேரம் ஆகிறது. நண்பகலில் வாங்கிய சூட்டை, சாயந்திரமும் இரவும் அறைக்குள் இறக்குகிறது.

சுவர்கள்மீது வெயில் சிறிது நேரம்தான் நேராக விழும். கிழக்குச் சுவருக்குக் காலையில், மேற்குச் சுவருக்கு மாலையில். ஆனால் மொட்டை மாடிக்கு விடிந்ததிலிருந்து அடையும்வரை ஓயாத வெயில். ஆகையால் வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது கூரைதான்.

பழைய வீடு குளுமையாக இருந்தது எப்படி?

‘‘எங்கள் தாத்தா கட்டிய வீட்டில் இந்தச் சூடு இல்லை’’ என்று பலர் சொல்லுவார்கள். அது வெறும் பெருமைப் பேச்சல்ல.

அந்தக் காலத்தில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்ற கூரை பிரசித்தம். மர உத்திரங்களின்மேல் சிறிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதிப்பார்கள்.

அந்தக் கூரை கனமானது. செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. துளைகளில் காற்று அடைபட்டிருக்கும். அடைபட்ட காற்று, சூட்டை எளிதில் கடத்தாது. கம்பளி உடம்பைக் காப்பதும் அதே காற்றால்தான்.

பிறகு கம்பி கட்டிய கான்கிரீட் வந்தது. உறுதியானது. சீக்கிரம் முடிவது. ஆனால் சூட்டைத் தடுப்பதில் செங்கல்லைவிட மட்டம். அதற்காகத்தான் கான்கிரீட்டின்மேல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கும் வழக்கம் தொடர்ந்தது. செலவை மிச்சம் பிடிக்க அதையும் விட்டுவிட்ட வீடுகளில்தான் இன்று அவஸ்தை அதிகம்.

பனி தேசத்தில் பழைய பேப்பர்!

குளிர் தேசங்களில் இதே பிரச்சினை தலைகீழாக இருக்கிறது. அங்கே வீட்டுக்குள் கணப்பு எரியும். சூடான காற்று மேலே எழுந்து கூரை வழியாக ஓடிப்போகும். வீடு குளிர்ந்துவிடும். கணப்புக்குச் செய்யும் செலவு வீணாகிவிடும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் சாய்வான கூரைக்கும் அறையின் மேல்தட்டுக்கும் நடுவே ஒரு பரண் இருக்கும். அந்தப் பரணில் ஓர் அடிக்கு மேல் கனமாகக் கண்ணாடிப் பஞ்சை விரிக்கிறார்கள். பழைய செய்தித்தாளைத் தூளாக்கி, சுலபத்தில் தீப்பிடிக்காதபடி ரசாயன உப்புக் கலந்து, குழாய் வைத்து ஊதியும் நிரப்புகிறார்கள். படித்து முடித்த பேப்பர் வீட்டுக்குக் கம்பளியாகிவிடுகிறது!

அங்கே நிபுணர்கள் சொல்லும் முதல் விதி இது: ‘முதலில் ஓட்டைகளை அடை, பிறகு பஞ்சைப் போடு.’ இடுக்குகளில் காற்று ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு பஞ்சு போட்டும் பயன் குறைவு.

நமக்கும் ஒரு முதல் விதி உண்டு. அது காற்றைப் பற்றியது அல்ல, தண்ணீரைப் பற்றியது. முதலில் ஒழுக்கை அடைக்க வேண்டும். பிறகுதான் சூட்டைத் தடுக்கும் வேலை. தடுப்புப் பொருள் ஈரமாகிவிட்டால் அதன் சக்தி போய்விடும்.

செலவு குறைந்த வழி: வெள்ளை!

சூட்டைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வந்த வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்புவது. மற்றொன்று, ஏறிய சூடு கீழே இறங்காமல் மறிப்பது.

திருப்பி அனுப்பும் வேலையை வெள்ளை நிறம் செய்கிறது. அழுக்கேறிய சிமெண்டுத் தளம் பத்துப் பங்கு வெயிலில் இரண்டு மூன்று பங்கைத்தான் திருப்பும். புதிதாக வெள்ளையடித்த தளமோ ஏழு பங்கு போலத் திருப்பிவிடும்.

இதற்குச் சுண்ணாம்பே போதும். தளத்தைக் கூட்டிக் கழுவிக் காயவிட வேண்டும். வெடிப்புகளைப் பூசி அடைக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பில் பசை கலந்து, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக இரண்டு மூன்று கோட் அடிக்க வேண்டும். மழையில் இது கரையும். ஆகவே ஆண்டுதோறும் அடிக்க வேண்டும்.

சற்று அதிகம் செலவழிக்க முடிந்தவர்களுக்குக் கூரைக்கென்றே வெள்ளைப் பெயிண்டு கிடைக்கிறது. அது சில ஆண்டுகள் தாங்கும். வெள்ளை ஓடும் பதிக்கலாம். எதுவானாலும் தூசி படிந்தால் பயன் குறையும். அவ்வப்போது கழுவ வேண்டும்.

வெள்ளைக் கூரையின்கீழ் அறையின் உஷ்ணம் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். ‘‘அவ்வளவுதானா?’’ என்று நினைக்க வேண்டாம். அகமதாபாத் கணக்கைப் பாருங்கள். அங்கே 42 டிகிரிக்கு மேல் வெயில் ஒவ்வொரு டிகிரி ஏறியபோதும், சூடு தாக்கித் தீவிர சிகிச்சைக்கு வந்த பச்சைக் குழந்தைகள் 43 சதவீதம் அதிகமானார்கள். ஒரு டிகிரி என்பது சிறிய விஷயமல்ல!

ஊட்டி, கொடைக்கானல்வாசிகளுக்கு இந்த வைத்தியம் வேண்டாம். அங்கே வெயில் வீட்டுக்குள் வருவதே சுகம்.

நிழலும் தடுப்பும்

அடுத்த வழி நிழல். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டால் கீழ் அறை குளுமையாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கீற்றில் தீ பிடிக்கும் அபாயம் உண்டு. காற்றில் பறக்காதபடி கட்டிய பச்சை நிழல்வலை நல்லது. வலைக்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓட இடம் வேண்டும். தொட்டிகளில் அவரையும் பாகலும் வைத்துப் பந்தல் ஏற்றினால் நிழலுக்கு நிழல், கறிக்குக் கறி!

இனி, சூட்டை மறிக்கும் தடுப்பு. இதில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. ‘‘கான்கிரீட்டைக் கனமாகப் போட்டால் சூடு வராது’’ என்பார்கள். ஓர் அங்குலத் தெர்மோகோல் பலகை மறிக்கிற சூட்டைக் கான்கிரீட்டால் மறிக்க வேண்டுமானால், சுமார் 40 அங்குலம் கனம் வேண்டும்! மூன்றடிக்கு மேல்!

ஆகையால் பழைய வீட்டில் தடுப்புப் போட விரும்புகிறவர்கள், தளத்துக்கு மேலே அதற்கென்று உள்ள நுரைப்பலகையைப் பதிக்கலாம். முதலில் நீர் கசியாத பூச்சு. அதன்மேல் பலகை. அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் வெள்ளை ஓடும். பலகையை வெயிலில் திறந்தபடி விடக் கூடாது, கெட்டுவிடும். தண்ணீர் குழாய்க்கு ஓடும்படி வாட்டம் வைக்க மறக்கக் கூடாது.

சிலர் அறைக்குள்ளேயே, தளத்துக்கு அடியில் தெர்மோகோலை ஒட்டுகிறார்கள். இது ஆபத்து. தீ பிடித்தால் உருகிச் சொட்டும். அதன் புகை மூச்சை அடைக்கும். உள்ளே போடுவதானால் தீயைத் தாங்கும் ஜிப்சம் பலகையால் மூட வேண்டும்.

தகரமும் ஆஸ்பெஸ்டாசும்

தகர வீட்டில் சூடு ஏறும் வேகம் அதிகம். சூரியன் பட்ட சில நிமிஷங்களில் தகடு காய்ந்துவிடும். இந்த வீடுகளுக்குத்தான் வெள்ளைப் பெயிண்டு உடனே பலன் தரும். தகட்டுக்குக் கீழே ஓர் அடி இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ பாயோ கட்டினால், தகட்டின் அனல் நேராக உடம்பில் படாது. இடைவெளியின் இரு முனையிலும் காற்று போக வழி விட வேண்டும். அடுப்புக்கு மேலே மட்டும் தட்டி கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அதைத் துளைப்பதும், உடைப்பதும், கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும் கூடாது. அதிலிருந்து பறக்கும் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்கு எமன். அதன்மேல் கால் வைத்து ஏறவும் கூடாது. உடைந்து கீழே விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. விவரம் தெரிந்த தொழிலாளியை வைத்துத்தான் பெயிண்டு அடிக்க வேண்டும்.

கொத்தனாரிடம் கேட்க வேண்டியது

பழைய வழியில் ஜல்லியும் சுண்ணாம்பும் போட விரும்பினால், கனத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையின்மேல் 3 அங்குலம் போட்டால், ஒரு டன்னுக்கு மேல் பாரம் ஏறும். மண் கொட்டித் தோட்டம் போட்டால் அதற்கும் மேல். கம்பி துருப்பிடித்து, உள்ளே காரை பெயர்ந்திருக்கும் வீட்டில் இந்தப் பாரத்தை ஏற்றுவது ஆபத்து. இன்ஜினீயர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டிய பிறகே ஆரம்பிக்க வேண்டும். பெயிண்டுக்கும் சுண்ணாம்புக்கும் இந்தக் கவலை இல்லை.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தளம் போடும்போதே வழி செய்துகொள்ளலாம். கேரளத்தில் பல வீடுகளைக் கட்டிய லாரி பேக்கர், கான்கிரீட்டுக்கு நடுவே நாட்டு ஓடுகளைப் பதித்துத் தளம் போடும் முறையைப் பரப்பினார். கான்கிரீட்டும் மிச்சம், ஓடுகளுக்குள் அடைபட்ட காற்றால் சூடும் குறைவு.

கூரை மட்டும் போதுமா?

போதாது. தடுப்புப் போட்ட கூரை வெளிச் சூட்டை மறிக்கும். ஆனால் அடுப்புச் சூடும், மனிதர்களின் உடம்புச் சூடும் உள்ளேயே தங்கிவிடும். அதை வெளியேற்ற வேண்டும். வெயில் ஏறியதும் ஜன்னலைச் சாத்தித் திரை போட வேண்டும். வெளியே குளிர்ந்ததும் எதிர் எதிர் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும்.

சாயந்திரம் மாடியில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. பலன் தெரியும். ஆனால் கோடையில் குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் அது கட்டுபடியாகாது. வெடித்த தளமானால் ஒழுகவும் செய்யும்.

குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறவர்களும் முதலில் மாடிக்கு ஏறிப் பார்க்க வேண்டும். மேலே காய்கிற கூரை, கீழே குளிரூட்டும் பெட்டி என்றால், இரண்டும் இரவெல்லாம் சண்டை போடும். மின்சாரக் கட்டணத்தைக் கட்டுவது குடும்பத் தலைவர்!

குழந்தையும் பெரியவரும்

கூரையைச் சரிசெய்யப் பணம் கையில் இல்லை. என்ன செய்வது?

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. அகமதாபாத் ஆஸ்பத்திரி காட்டிய வழி அது. வீட்டில் கீழ்த்தளம் இருந்தால், கைக்குழந்தையையும் பிள்ளை பெற்றவளையும் வயதானவர்களையும் கோடையில் அங்கே படுக்க வையுங்கள். ‘‘பாட்டிக்கு மாடி அறை, தொந்தரவில்லை’’ என்று தனியாக விட்டுவிடக் கூடாது. பகலில் இரண்டு மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும்.

உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சுக் குழறினாலோ, மயக்கமோ வலிப்போ வந்தாலோ அது சாதாரண அசதியல்ல. வெப்பத் தாக்கு! குழந்தை பால் குடிக்காமல் துவண்டு, உடம்பு கொதித்தாலும் அபாயமே. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். வண்டி வரும்வரை குளிர்ந்த இடத்தில் படுக்க வைத்து, ஈரத்துணியால் உடம்பு முழுவதும் துடைத்து, விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

விழித்துக்கொண்ட நகரம்

அகமதாபாத் அந்த மே மாதத்தை மறக்கவில்லை. 2013-ம் ஆண்டில் வெப்பத்தை எதிர்கொள்ளும் திட்டம் ஒன்றை அந்த மாநகராட்சி வகுத்தது. வெயில் கடுமையாகும் முன்பே ஜனங்களுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். டாக்டர்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 2017-ம் ஆண்டில் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் வேலையையும் தொடங்கினார்கள். தெலங்கானா அரசாங்கம் 2023-ம் ஆண்டில் குளிர்ந்த கூரைகளுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது.

அரசாங்கம் செய்வது ஒரு புறம் இருக்கட்டும். வீட்டுக்காரர் தாமே செய்யக்கூடியதும் இருக்கிறது.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். அப்போது மழைக்காலம் முடிந்திருக்கும். கோடைக்கு இன்னும் நாள் இருக்கும். மொட்டை மாடிக்கு வெள்ளையடிக்கவும் அதைவிட நல்ல சமயம் கிடையாது. சுண்ணாம்பை நீற்றும்போது கொதிக்கும், குழந்தைகளை அருகே விடாதீர்கள். அடிக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவர்களுக்கு அடிக்கும் வெள்ளையை ஊரார் பார்ப்பார்கள். மாடிக்கு அடிக்கும் வெள்ளையை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் சித்திரை இரவில் அதன் கீழே படுத்திருக்கும் குழந்தை நிம்மதியாகத் தூங்கும்!